புதுப்பிப்பு: கிரானுலர் சிந்தில் உள்ளேயே வரும் ரிவேர்ப்

கிரானுலர் சிந்தை (ஒலியைச் சிறு சிறு துணுக்குகளாக்கி அடுக்கும் சின்தசைசர்) வாங்கமுதல், ரிவேர்ப் (அறையில் ஒலி எதிரொலித்து நீள்வது போன்ற விளைவு) முதலான அதன் எஃபெக்ட்களை நிறுத்திவிட்டுக் கேளுங்கள் என்று முதல் பதிவில் எழுதியிருந்தேன். நிறுத்தினால் ஒலி விட்டு விட்டு வருகிறதே என்று சிலர் கேட்டிருந்தார்கள். காரணம் இதுதான்.

துணுக்கின் நீளத்தை, ஒரு செக்கனில் வரும் துணுக்குகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். 40 மில்லிசெக்கன் துணுக்கு செக்கனுக்கு 20 என்றால் விடை 0.8. ஒன்றுக்குக் குறைந்தால் இடையில் வெறுமை விழும். ரிவேர்ப் மூடிவைத்திருந்தது அதைத்தான். செக்கனுக்கு 80 துணுக்கு ஆக்கினால் 3.2, வெறுமை நிரம்பிவிடும். ஆனால் இடைவெளி சீராக இருந்தால் 80 ஹேர்ட்ஸில் ஒரு ரீங்காரம் எழும். தொடக்க நேரத்தைக் கொஞ்சம் ஒழுங்கற்றதாக்குங்கள். டிக் டிக் என்று கேட்டால் துணுக்கின் விளிம்புகள் கூராக இருக்கின்றன, ஹான் போன்ற மென்மையான விண்டோவை (துணுக்கின் ஒலியளவை மெல்ல ஏற்றி மெல்ல இறக்கும் வடிவம்) போடுங்கள்.

இதெல்லாம் செய்த பிறகு சேர்க்கும் ரிவேர்ப் அழகானது. அதை நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை.

ஃபீட்பேக் வேறு விஷயம். மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் கிளவுட்ஸ் என்ற கிரானுலர் கருவியில் அது வெளியே வந்த ஒலியைத் திரும்பவும் துணுக்காக்குகிறது. அங்கே எஃபெக்ட் கருவியின் பாதி. வெள்ளவத்தைக் கரையோர ரயில் போன்ற ஒலியைக் கொடுத்தால் அடிநாதம் சுற்றுக்குச் சுற்று குவிந்து மற்றவற்றை விழுங்கிவிடலாம். உள்ளே அனுப்பமுதல் 120 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள்.

பதிவு செய்யும்போது ரிவேர்ப் இல்லாத ஒரு டேக்கையும் கட்டாயம் எடுத்துவையுங்கள். ஒரே ஸ்டீரியோ வெளியீட்டில் கலந்துபோன ரிவேர்பைப் பிறகு சுத்தமாகப் பிரிக்க முடியாது.