ஸ்லைடில் நாடாப்புழு முட்டை பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தண்டையார்பேட்டை லேப் டெக்னீஷியன்:
ஸ்டூல் டெஸ்ட் டப்பாக்களில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அதனால் டீனியா (மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி வழியாக வரும் நாடாப்புழு) முட்டை மாட்டினால் பக்கத்து சீட்காரரையும் கூப்பிட்டுக் காட்டாமல் விடமாட்டேன். மைக்ரோஸ்கோப்பின் டென் எக்ஸ் லென்ஸில் வெறும் பழுப்பு உருண்டை, 30 முதல் 40 மைக்ரான் இருக்கும். மகரந்தத் தூளும் இப்படித்தான் வந்து ஏமாற்றும். ஃபார்ட்டி எக்ஸுக்கு மாற்றி, ஃபைன் ஃபோகஸை மெதுவாகத் திருப்பினால் தடித்த சுவரும், அதில் உள்ளிருந்து வெளியே ஓடும் நெருக்கமான கோடுகளும் தெரியும். செங்கல் கட்டிய வட்டக் கிணற்றை மேலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியும் இடுக்குகள் மாதிரி. உண்மையிலும் அது குட்டிக் குட்டிப் புரதக் கட்டிகளை அடுக்கிய சுவர்தான். ஈரமண்ணில் மாதக்கணக்கில் முட்டை தாங்குவது அதனால்தான். விழுங்கிய உயிரின் வயிற்றுக்குள் செரிமான நீர் பட்டதும் கட்டிகளை ஒட்டியிருக்கும் பசை கரைந்து, சுவர் உதிர்ந்துவிடும். அப்புறம் உள்ளே இருக்கும் கரு தன் ஆறு கொக்கிகளோடு வெளியே வரும். ஆறையும் ஒரே ஃபோகஸில் பார்த்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நான் கொஞ்சம் சந்தேகப்படுவேன்.

முட்டையின் நிஜமான மேலோடு இந்தச் சுவர் இல்லை. அதற்கு வெளியே மெல்லிய உறை ஒன்று உண்டு. நம் ஸ்லைடுக்கு வருமுன் பெரும்பாலும் அது கழன்றுவிடும்.

புளியந்தோப்புக்காரர்:
ஆடுதொட்டிப் பக்கம்தான் வீடு, பீஃப் இல்லாத ஞாயிறு கிடையாது. ஒருநாள் துணியில் வெள்ளையாக ஒரு துண்டு, ரிப்பன் மாதிரி, அதுவாகவே நெளிந்தது! டெஸ்டில் ‘டீனியா முட்டை’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். மாட்டுப் புழுவா பன்றிப் புழுவா என்று ஏன் எழுதவில்லை?

தண்டையார்பேட்டை லேப் டெக்னீஷியன்:
சுவர், கோடு, கொக்கி எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான் சார், பார்த்துச் சொல்ல முடியாது. அந்தத் துண்டு கிடைத்திருந்தால் இரண்டு ஸ்லைடுக்கு நடுவில் அழுத்தி, அதற்குள் இருக்கும் புழுவின் கருப்பைக் கிளைகளை எண்ணியிருப்பார்கள். ஒரு பக்கம் 15-க்கு மேல் போனால் மாடு, பத்துக்குள் நின்றால் பன்றி. தானாக நெளிந்து வெளியே வந்தது என்றால் மாட்டுப் புழுவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பன்றிப் புழு என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அதன் முட்டை கையில் ஒட்டி வாய்க்குப் போனால் மூளையில் கட்டியாக உட்காரும். இறைச்சியே தொடாதவர்களுக்கும் வலிப்பு வருவது இந்த வழியில்தான்.

கொருக்குப்பேட்டை நர்ஸ்:
எங்களுக்குப் பிள்ளைகளிடம் வருவது குள்ள நாடாப்புழு. அந்த முட்டையில் கோடே இருக்காது, கண்ணாடி மாதிரித் தெளிவு. இரண்டு சவ்வு, நடுவில் இரு முனையிலிருந்தும் கிளம்பும் மெல்லிய நூல்கள். அந்த நூலைப் பார்த்துவிட்டால் வேறு பெயர் எழுத வேண்டியதில்லை. தடித்த சுவர் இல்லாததால் வெளியில் ரொம்ப நாள் தாங்காது. ஆனால் அதற்கு மாடும் வேண்டாம் பன்றியும் வேண்டாம், கழுவாத ஒரு கையிலிருந்து இன்னொரு வாய்க்கு நேராகப் போய்விடும். அதனால் ஒரு பிள்ளைக்கு வந்தால் வீட்டில் எல்லோருடைய டப்பாவையும் கேட்டு வாங்குவோம்.