மறு: கடல் அட்டையா, கடல் நத்தையா? பசுங்கணிகம் கவரும் உயிருக்கு ஒரு சொல்

அன்பு நண்பர்களே, வணக்கம்.

பாசியைத் தின்று அதன் பசுங்கணிகத்தை (ஒளிச்சேர்க்கை செய்யும் பச்சை நுண்ணுறுப்பு, chloroplast) தன் உடலில் வைத்துக்கொள்ளும் கடல் உயிர் எலிசியா குளோரோட்டிக்கா. அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று நம் குழுவில் கேட்டதற்கு வந்த சொற்களை எல்லாம் படித்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'பச்சைக் கடல் அட்டை' வேண்டவே வேண்டாம்.

போன வாரம் கடல் உள்வாங்கிய நேரத்தில் முட்டம் பக்கம் பாறைக்குப் போயிருந்தேன். சிப்பி எடுக்கும் பெரியவர் ஒருவர் பாசியோடு சேர்ந்து வந்த ஒன்றை எவர்சில்வர் டப்பா மூடியில் கொஞ்சம் கடல்நீர் விட்டுப் போட்டுக் காட்டினார். விரல்நகம் அளவு, பச்சை. தொட்டதும் சுருண்டது. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு கொம்பு முதலில் வெளியே வந்தது. அப்புறம் முதுகின் இரு ஓரமும் இலை விரிவதுபோல விரிந்தன. நம் கடலில் இருக்கும் எலிசியா வகைகளில் ஒன்று என்பது பார்த்ததுமே தெரிந்தது. "இது அட்டைதானே?" என்று கேட்டேன். "அட்டைன்னு சொல்லாத மக்ளே, கேஸாயிடும். இது ஓடு கழண்ட நத்தை" என்றார்.

அவர் சொன்னது ரொம்பச் சரி. நம் கரையில் கடல் அட்டை என்றால் முட்தோலி இனத்து உயிர், நட்சத்திர மீனின் உறவு. 2001இல் அதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், பிடித்தால் வழக்கு. எலிசியாவோ மெல்லுடலி, நத்தையின் உறவு. ஒரே பெயரை இரண்டுக்கும் வைத்தால் குழப்பம் அகராதியோடு நிற்காது, கரைக்கும் வரும்.

'ஓடிலி' என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. முதுகெலும்பிலி போல அழகாக நிற்கிறது. ஆனால் எலிசியாவின் குஞ்சுப் பருவத்தில் ஓடு உண்டு, வளரும்போதுதான் அதை உதிர்க்கிறது. எலிசியா சேர்ந்த வகைப்பாட்டு வரிசையில் (Sacoglossa) வளர்ந்த பிறகும் ஓட்டோடு இருக்கும் இனங்களும் உள்ளன. அதனால் வரிசைக்கு 'சாறுறிஞ்சி நத்தைகள்', எலிசியாவுக்கு 'இலைநத்தை' என்கிறேன். கேரள எல்லையிலுள்ள நீரோடியைத் தாண்டினால் மலையாளத்தில் நத்தைக்கு 'ஒச்சு' என்பார்கள், ஓடு இருந்தாலும் இல்லாவிட்டாலும். 'கடலொச்சு' என்று அக்கா எழுதியதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், காதுக்கு இனிமைதான். ஆனால் இராமநாதபுரத்து மாணவருக்கு அது விளங்காது.

இனி, வெயிலில் பிழைக்கிறது என்பதால் வந்த 'சூரிய நத்தை' என்ற பரிந்துரை. இதில்தான் எனக்குக் கடுமையான மறுப்பு. குளோரோட்டிக்கா வாழ்வது வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில், உவர்ச் சதுப்புகளிலும் ஆழமில்லாத ஓடைகளிலும். தின்பது வாச்சீரியா என்ற இழைப்பாசியை. அந்த இழையில் குறுக்குச் சுவர் கிடையாது. ஒற்றை வரிசைப் பல்லால் ஓர் இடத்தில் குத்தினால் போதும், இளநீர் குடிப்பதுபோல உள்ளிருப்பதை உறிஞ்சிவிடலாம். மற்றதெல்லாம் செரித்துப்போகும், பசுங்கணிகம் மட்டும் செரிக்காமல் உடல் முழுக்கக் கிளைத்த செரிமானக் குழல்களின் உயிரணுக்களில் தங்கும். பழுப்பாக இருந்த குஞ்சு தின்னத் தின்னப் பச்சையாகிறது. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் இரையில்லாமல் இருக்கும்.

சரி, வெயிலில்தான் பிழைக்கிறதா? இதன் உறவினங்கள் இரண்டை இருட்டில் பட்டினி போட்டுப் பார்த்த ஆய்வு 2014இல் வந்தது. ஒளி இல்லாமலும் அவை பிழைத்துக் கிடந்தன. வெளிச்சத்தில் கரியமில வாயுவை நிலைநிறுத்துவது உண்மை, உயிர்வாழ அது கட்டாயமா என்பது இன்னும் வழக்காடப்படுகிறது. தீர்ப்பு வராத ஒன்றைப் பெயரிலேயே எழுதிவிடக் கூடாது.

பசுங்கணிகத்தைக் கவர்ந்து வைத்துக்கொள்ளும் செயலுக்கு (kleptoplasty) 'கணிகத் திருட்டு' என்று பேராசிரியர் ஐயா எழுதியிருக்கிறார். கிரேக்க மூலத்துக்கு நேர்ப்பொருள் அதுதான். ஆனால் திருட்டு எடுத்ததோடு முடிந்துவிடும், இது எடுத்ததை உயிரோடு வைத்துக் காக்கிறது. பகைவரின் ஆநிரையைக் கவரும் வெட்சித் திணைக்குத் தொல்காப்பியம் சொல்லும் இலக்கணம் நினைவிருக்கும்: 'வேற்றுப்புலக் களவின் ஆதந்து ஓம்பல்'. பகைப்புலத்து நிரையைக் கொண்டுவந்தால் மட்டும் போதாது, ஓம்பவும் வேண்டும். அந்த நத்தையின் உடலுக்குள் நடப்பதை இதைவிட நெருக்கமாக யார் சொல்லிவிட முடியும்? 'கணிகக் களவு' என்றால் அகத்திணைப் பக்கம் மனம் போய்விடும். நிரை கவர்தல் என்று நாம் சொல்லிப் பழகியதால் 'கணிகக் கவர்வு' என்பதே என் பரிந்துரை. கவர்ந்தது முட்டை வழியே அடுத்த தலைமுறைக்குப் போவதில்லை, ஒவ்வொரு குஞ்சும் தானே போய்க் கவர வேண்டும். அதற்கும் இந்தச் சொல் பொருந்துகிறது.

'கவர்வு' என்றால் கவர்ச்சி என்று மாணவர்கள் எடுத்துக்கொள்வார்களோ என்ற தயக்கம் ஒன்று இருக்கிறது. வகுப்பெடுப்பவர்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி பாறைக்குப் போகிறேன். பெரியவரிடம் 'இலைநத்தை' என்று சொல்லிப் பார்த்து, அவர் வாயில் எப்படி வருகிறது என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
கொல்லங்கோட்டிலிருந்து