காசுக்கு நாய் வாக்கிங்: காரைக்குடிப் பக்கம் எங்கெங்க சிக்கல்?

(காசுக்கு அடுத்தவங்க நாயை வாக்கிங் கூட்டிட்டுப் போறவங்க பேசிக்கிட்டது. பேசுறவர் பேருக்குப் பதிலா அவரோட ஊர்.)

காரைக்குடி:
நம்ம பக்கத்துல கையில இருக்கிற நாயால வர்ற தொல்லை கம்மி, தெருவால வர்றதுதான் ஜாஸ்தி. முனைக்கு முனை ஒரு தெருநாய்க் கூட்டம். ஞாயித்துக்கிழமை காலையில கறிக்கடைப் பக்கமே போகாதீங்க. கழிவுக்காக நாலு கூட்டமும் ஒரே இடத்துல நிக்கும், எல்லாத்துக்கும் கோபம்.

குரைச்சுக்கிட்டு வந்தா ஓடக்கூடாது, கம்பை ஓங்கவும் கூடாது. கம்பு நுனி தரையைத் தொட்டபடி இருக்கட்டும், நாய்க்கும் கூட்டத்துக்கும் நடுவுல நாம நிக்கணும். முதுகு காட்டாம பக்கவாட்டுல நகர்ந்தா, அதுங்க எல்லை முடிஞ்சதும் பெரும்பாலும் நின்னுடும். சின்ன நாயைத் தலைக்கு மேல தூக்குறவங்கதான் கடி வாங்குறாங்க. தெருநாய் எம்பும், பல்லு நம்ம கையிலயோ முகத்துலயோ பதியும். சமாதானத்துக்கு பிஸ்கட்டும் போடாதீங்க, மறுநாள்ல இருந்து வீடு வரைக்கும் பின்னாலயே வரும்.

தேவகோட்டை:
அண்ணே சொன்னது சரி. காலர் பத்தி யாரும் பேசுறதில்ல. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி வேட்டை நாய்களுக்குத் தலை ஒடுக்கம். சாதாரண பக்கிள் காலர்னா, பயந்து பின்னால ஒரு இழு இழுத்ததும் காதோட உருவிக்கிட்டு ஓடிடும். மார்ட்டிங்கேல் காலர் வாங்குங்க. இழுத்தா அளவா இறுகும், விட்டா தளரும். முழுசா இறுகின நிலையிலயும் பட்டையோட ரெண்டு முனையில இருக்கிற வளையங்கள் ஒண்ணோட ஒண்ணு முட்டக்கூடாது. முட்டினா காலர் லூசுன்னு அர்த்தம்.

லீஷ் 6 அடி நைலான் போதும். இழுக்க இழுக்க நீளுற வகை இந்த நாய்களுக்கு ஆகாது. ஆடோ மயிலோ கண்ணுல பட்டா, கயிறு தீர்ற இடத்துல வர்ற உதறுல கைப்பிடியே பறந்துடும். விரல்ல சுத்தாதீங்க, முறியும். மணிக்கட்டுல சுத்தினா ஆளையே சாய்ச்சிடும். லீஷோட கைப்பிடி வளையத்தைக் கட்டைவிரல்ல மாட்டி, மிச்சத்தை மடிச்சு உள்ளங்கையில பிடிக்கணும்.

பள்ளத்தூர்:
தெருவுக்குப் போறதுக்கு முன்னாடி வாசல்லயே சண்டை இருக்கே! விடியக்காலையில தண்ணி தெளிச்சுக் கோலம் போட்டிருப்பாங்க, நாய் நேரா போய் அதுலதான் காலைத் தூக்கும். ஆச்சிமார் திட்டுறதுல நியாயம் இருக்கு. பெரிய வீடுகள் ஒரு தெருவுல முகப்பு, அடுத்த தெருவுல பின்வாசல்னு நீளுதுல்ல, பின்கட்டு வழியா இறக்குங்க. 10 நிமிஷம் தோட்டத்துல விட்டா ரெண்டும் அங்கயே முடிஞ்சிடும், அப்புறம் தெரு. திரும்பி வரும்போது பாதத்தைத் துடைச்சுட்டு உள்ள விடணும். ஈரக்காலோட ஆத்தங்குடித் தரைக்கல்லுல ஏறினா வழுக்கும், வயசான லாப்ரடாருக்குப் பின்னங்கால் போயிடும்.

ஊருணிப் படியில இறக்கவே கூடாது. குடிதண்ணி ஊருணின்னா ஊரே திரண்டு வரும். மத்த குட்டைகள்ல எலி மூத்திரம் கலந்து லெப்டோ (எலிக்காய்ச்சல்) வரலாம், அது நாய்கிட்ட இருந்து மனுஷனுக்கும் தொத்தும்.

கானாடுகாத்தான்:
அக்னி நட்சத்திரத்துல காலை 6.30க்குள்ள வீடு திரும்பிடணும். சாயங்காலம் வெயில் தாழ்ந்தாலும் தார் ரோடு ஆறாது. புறங்கையை ரோட்டுல 7 செகண்ட் வைக்க முடியலைன்னா நாய்ப் பாதமும் தாங்காது.

சரி, செம்மண் ஓரமா போகலாம்னா அங்க முள். நெருஞ்சி விரலிடுக்குல தங்கும், பார்த்தா எடுத்துடலாம். சீமைக்கருவேல முள் அப்படியில்ல. நுனி உள்ளயே ஒடியும், மேல துளை மூடிக்கும், ரெண்டு மூணு நாள்ல வீங்கிச் சீழ் வைக்கும். ஒரே பாதத்தை விடாம நக்கினா மருந்து தடவிப் பார்க்காதீங்க, டாக்டர்தான் எடுக்கணும். பையில கூர்மையான ட்வீசர், சின்ன டார்ச், அரை லிட்டர் தண்ணி எப்பவும் இருக்கட்டும். உண்ணியையும் அந்த நேரத்துலயே பார்த்துடலாம்: காதுக்குள்ள, விரலிடுக்குல, காலருக்கு அடியில.

பக் மாதிரி சப்பை மூக்கு நாய்க்கு இரைப்புச் சத்தம் மாறி, நாக்கு கருஞ்சிவப்பாகி, தள்ளாட ஆரம்பிச்சா வெப்பத்தாக்குதல். உடம்புச் சூடு 104 டிகிரி தாண்டினாலே ஆபத்து. நிழலுக்குக் கொண்டுபோய் வயித்துலயும் தொடையிடுக்குலயும் குழாய்த் தண்ணியை ஊத்தி விசிறுங்க. ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விட்டா சூடு உள்ளயே அடங்கிடும். வாயில வலுக்கட்டாயமா தண்ணி ஊத்தாதீங்க.

கோட்டையூர்:
கடி பட்டுட்டா என்ன செய்யணும்? இங்க இன்னும் மஞ்சள், சுண்ணாம்புன்னு ஓடுறாங்க.

காரைக்குடி:
எதுவும் தடவக்கூடாது தம்பி. சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவணும், அன்னிக்கே அரசு ஆஸ்பத்திரி. ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசி தோல்ல போடுற வகைன்னா 0, 3, 7, 28ஆம் நாள். ரத்தம் வந்த காயம்னா காயத்தைச் சுத்தி இம்யூனோகுளோபுலினும் (உடனே காப்பு தர்ற எதிர்ப்பு மருந்து) போடணும், கேட்டுப் போட்டுக்கங்க. இந்த வேலையை நிரந்தரமா செய்றவங்க முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கிறது நல்லது. போட்டிருந்தா கடி பட்ட பிறகு 0, 3 ரெண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது.

தேவகோட்டை:
வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல இருப்பார், வீட்டைப் பார்த்துக்கிறவர் "ஒண்ணும் செய்யாதுங்க"ம்பார். நாயோட தடுப்பூசி அட்டை வாட்ஸ்அப்புல வந்த பிறகு காலரைத் தொடுங்க. பெட்டை நாய்னா பருவத்துக்கு வந்த 3 வாரமும் தெருவுக்கு வேண்டாம், பின்கட்டோட நிறுத்திக்கணும். அந்த 3 வாரத்துக்கு முழுச் சம்பளமா பாதியான்னு முதல் நாளே பேசிடுங்க. அப்புறம் கேட்டா, "நாய்தான் வெளியவே போகலையே"ன்னு சொல்லிடுவாங்க.