நாய்க்குக் ‘கண்டிஷனிங்’: தமிழில் என்ன சொல்வது? (வெள்ளி மாலைக்குள் வேண்டும்)

ஜெலுத்தோங், பினாங்கு – திங்கள், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம்.

தெரிந்த விலங்கு மருத்துவர் ஒருவருக்காக நான்கு பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மூட்டு, எலும்பு அறுவை முடிந்து வீட்டுக்கு வரும் நாய்களை எப்படிப் பழையபடி நடமாட வைப்பது என்பதுதான் விஷயம். மலாயும் சீனமும் முடிந்துவிட்டன. தமிழ் வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு அச்சகம் போக வேண்டும். நானோ தலைப்பிலேயே நிற்கிறேன்: ‘கண்டிஷனிங் எக்ஸர்சைஸ்’.

‘உடற்பயிற்சி’ என்று போட்டுவிட்டுப் போகலாம்தான். ஆனால் எங்கள் வரிசையில் ஓர் அக்காவின் நாய் கருப்பனுக்குப் போன மாதம் முழங்கால் நார் அறுந்து அறுவை நடந்தது. கீழ்க்கால் எலும்பின் தலைப்பகுதியை வெட்டித் திருப்பி, தகடும் திருகாணியும் வைத்து இறுக்குகிற அறுவை. ‘ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஐந்து நிமிடம் எக்ஸர்சைஸ்’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அக்கா கடிகாரத்தைப் பார்த்து, சரியாக ஐந்து நிமிடம் பந்து எறிந்திருக்கிறார்! நான் போனபோது கருப்பன் மொசைக் தரையில் வழுக்கி வழுக்கி மூன்று காலில் துள்ளிக்கொண்டிருந்தான். நான்காவது காலின் விரல்நுனி தரையைத் தொடுவதும் வெடுக்கென்று மேலே போவதுமாக இருந்தது. தகடு தப்பியது அவன் செய்த புண்ணியம்.

ஆகவே ஓட்டமும் துள்ளலும் காதில் விழாத சொல் வேண்டும். மெல்ல, அளவாக, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டி, போன தசையைத் திரும்பக் கொண்டுவருவது என்று படவேண்டும். உதவுங்கள்.

பாயான் லெப்பாஸ் – திங்கள், இரவு 10.05

‘பிசியோ’ என்று போடுங்கள். என் அம்மாவுக்கு முட்டி வலி வந்தபோது யாரும் ‘இயன்மருத்துவம்’ என்று சொல்லவில்லை, பிசியோவுக்குத்தான் போனார். அந்த அக்காவுக்கும் அதுதான் புரியும்.

பிறை – செவ்வாய், காலை 6.10

அன்புடையீர்,

பிசியோ என்பது துறை. அம்மணி கேட்பது ஒரு வகைப் பயிற்சிக்குப் பெயர். துறையின் பெயரைப் பயிற்சிக்கு இடுவது சமையலுக்கு ‘அடுப்பங்கரை’ என்று பெயர் வைப்பது போல. தம்பி பொறுத்தருள்க.

‘பதப்படுத்தல்’ என்றால் தோல் ஊறவைக்கும் நாற்றம் வருகிறது. ‘பக்குவம்’ வடசொல், தவிர, பெண்பிள்ளை பெரியவளான செய்தியாகக் கேட்கும்.

நம் வீடுகளில் வழங்கும் சொல் இருக்கிறதே: தேறு. ‘காய்ச்சல் போய் உடம்பு தேறிவிட்டது’ என்கிறோம். தேறு, தெளி, தேற்று எல்லாம் ஒரே குடும்பம். கலங்கல் தண்ணீரில் தேற்றாங்கொட்டையை உரசினால் மண் அடியில் படிந்து நீர் தெளியும். கலித்தொகை அதைத்தான் ‘இல்லத்துக் காழ்கொண்டு தேற்றக் கலங்கிய நீர்போல் தெளிந்து நலம்பெற்றாள்’ என்கிறது. இல்லம் இங்கே வீடு அன்று, தேற்றா மரம். தெளிவும் நலமும் ஒரே அடியில் வருவதைப் பாருங்கள். கள்ளின் தெளிவுக்குத் ‘தேறல்’ என்ற பெயரும் இந்த வேரில் வந்ததுதான். அடியில் மண்டி தங்க, மேலே நிற்பது...

(தேறல் பற்றித் தனியே எழுதுகிறேன்.)

ஆகவே: தேறுபயிற்சி.

பாயான் லெப்பாஸ் – செவ்வாய், காலை 7.30

ஐயா, கருப்பனுக்குக் கள் வார்க்கச் சொல்லவில்லையே?

ஆயர் ஈத்தாம் – செவ்வாய், பிற்பகல் 2.15

ஐயாவின் சொல் அழகு. ஆனால் ஆறாம் ஆண்டு வகுப்பில் பலகையில் எழுதிக் கேட்டுப் பார்த்தேன். முன்வரிசைப் பையன் யோசிக்காமல் சொன்னான்: ‘பரீட்சையில் பாஸாகப் போடும் பயிற்சி, டீச்சர்.’ பள்ளிக்கூடத்தில் ‘பயிற்சி’ என்றாலே பயிற்றியில் (பயிற்சிப் புத்தகத்தில்) பக்கம் 43. அதில் ‘தேறு’ வேறு சேர்ந்தால் டியூஷன் மையத்து விளம்பரம். ‘தேற்றம்’ என்று மாற்றினால் பிதாகரஸ் வந்து நிற்பார்.

‘மறுவாழ்வுப் பயிற்சி’ என்று ஒரு நண்பர் சொன்னார். அதுவும் வேண்டாம். நம் ஊரில் மறுவாழ்வு மையம் என்றால் போதைப்பொருள்தான் நினைவுக்கு வரும். நாய் என்ன பாவம் செய்தது?

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர் – செவ்வாய், இரவு 11.20

நான் மனிதர்களுக்குப் பிசியோ பார்ப்பவள். நாய் அறுவை மருத்துவர் ஒருவரோடு சில மாதம் கூட நின்றிருக்கிறேன். சொல்லுக்கு முன் பொருளைச் சொல்லிவிடுகிறேன்.

வெட்டிய எலும்பு கூட ஏறக்குறைய 8 வாரம் ஆகும். எக்ஸ்ரேயில் கூடியது தெரியும்வரை ஓட்டம், படி, சோபா ஏறல் எதுவும் இல்லை. முதலில் வாரைப் பிடித்துக்கொண்டு ஐந்தே நிமிடம் நடை. அதுவும் மிக மெதுவாக. நாம் வேகமாகப் போனால் நாய் வலிக்கிற காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் ஒப்பேற்றிவிடும். மெதுவாகப் போனால்தான் நாலு காலையும் ஊன்றியாக வேண்டும். மறுநாள் காலையில் நொண்டல் கூடியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம் என்று பொருள், குறைக்க வேண்டும். குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிறகு உட்கார வைத்து எழுப்புவது, தரையில் கம்புகளை இடைவெளி விட்டுக் கிடத்தி ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து நடக்கப் பழக்குவது. தண்ணீர்த் தொட்டிக்குள் ஓடும் நடைபட்டையும் உண்டு. நீர் இடுப்பு மூட்டு வரை நின்றால் நாய் தன் எடையில் 38 விழுக்காட்டைத்தான் காலில் தாங்கும். முழங்கால் அளவென்றால் 85. அந்தக் கணக்கில்தான் சுமையைக் கூட்டுவார்கள். ‘கடலில் விட்டால் சரியாகிவிடும்’ என்று பத்து பிரிங்கி கடற்கரைக்குக் கூட்டிப் போவதும் இதுவும் ஒன்றல்ல. காயம் ஆறாத கால் அலையில் கண்டபடி உதைக்கும்.

ஒரு காலில் நார் அறுந்த நாய்களில் ஏறக்குறைய பாதிக்குப் பிற்பாடு மறு காலிலும் அறுகிறது. ஆகவே இது போனதை மீட்பது மட்டும் இல்லை, நல்ல காலையும் சேர்த்து வலுவாக்குவது. நான் ‘வலுமீட்பு’ என்றுதான் சொல்ல வந்தேன். எழுதிக்கொண்டே வரும்போது மீட்பு பாதிதான் என்று தோன்றுகிறது. ‘தேறு’ இரண்டையும் தாங்குகிறது. ‘பிள்ளை இப்போதுதான் தேறியிருக்கிறான்’ என்றால் நோய் போனதும் உண்டு, சதை பிடித்ததும் உண்டு.

பாயான் லெப்பாஸ் – புதன், காலை 7.45

சதை பிடிப்பதுதான் சிக்கல், அக்கா. ‘நாய் தேறணும்’ என்று எங்கள் தாமானில் (குடியிருப்பில்) சொல்லிப் பாருங்கள், கோழிச்சோறு ஒரு பொட்டலம் கூட வரும். எடை ஏறினால் அந்த முழங்கால் என்ன ஆகும்?

ஜெலுத்தோங் – புதன், காலை 8.10

இது நியாயம். கருப்பன் ஏற்கெனவே குண்டு. டாக்டரே எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்.

பிறை – புதன், மாலை 6.30

சோறு போடுகிறவர் கையைக் கலைச்சொல்லால் கட்ட முடியாது. அதற்குக் கையேட்டில் தனி வரி வேண்டும்.

பயிற்சி என்ற சொல் மாணவருக்குப் பயிற்றியைத்தான் நினைவூட்டுகிறது என்றால் குற்றம் சொல்லில் இல்லை. ‘பயில்’ என்பதற்கு மீண்டும் மீண்டும் நிகழ்தல் என்று பொருள். நாய்க்கும் அதுதானே நடக்கிறது?

இன்னொன்று. தலைப்பில் ‘நாய்’ எதற்கு? ஞமலி என்ற அருஞ்சொல் இருக்கிறது. பட்டினப்பாலையில், துறைமுகத்துப் பண்டசாலை முற்றத்தில் மூட்டைக் குவியலின்மேல் ஏறி, ‘கூருகிர் ஞமலிக் கொடுந்தாள் ஏற்றை ஏழகத் தகரோடு உகளும்’. துறைமுகக்காரர்களான நமக்கு இதைவிடப் பொருத்தமான நாய் கிடைக்காது.

பிரிக்பீல்ட்ஸ் – புதன், இரவு 9.00

ஐயா, உகளுதல் என்றால் தாவுதல். மூட்டைமேல் ஏறி ஆட்டுக்கடாவோடு தாவுகிற நாய்! எட்டு வாரத்துக்குக் கூடாது என்று நான் எழுதியது முழுக்க அந்த ஒரே அடியில் இருக்கிறது.

பாயான் லெப்பாஸ் – புதன், இரவு 9.04

‘கூடாதவை’ பகுதிக்கு மேற்கோள் கிடைத்துவிட்டது. ஞமலி மட்டும் வேண்டாம், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆயர் ஈத்தாம் – வியாழன், பிற்பகல் 1.50

பயிற்சியை விட்டுவிட்டு ‘தேறுநடை’ என்று சொன்னால் என்ன? நடை என்றதும் பந்து கையைவிட்டுக் கீழே விழுந்துவிடும்.

பிரிக்பீல்ட்ஸ் – வியாழன், பிற்பகல் 2.30

எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் உட்கார்ந்து எழுவது நடை இல்லையே.

ஜெலுத்தோங் – வெள்ளி, காலை 10.15

நேரம் இல்லை. எண்ணிப் பார்த்தேன்: தேறுபயிற்சிக்கு மூவர் (அரைமனதாக நானும்), தேறுநடைக்கு ஒருவர், பிசியோவுக்கு ஒருவர். தலைப்பில் ‘தேறுபயிற்சி’ என்றே வைத்து, அடியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘அறுவைக்குப் பின் நாயை மெல்ல மெல்ல நடக்கப் பழக்கி வலுவாக்கும் முறை. ஓடவிடுவது அல்ல. சோறு கூட்டுவதும் அல்ல.’

உள்ளே: வார்நடை, உட்கார்ந்தெழல். கம்பு விஷயத்துக்கு முதலில் ‘கம்பு தாண்டல்’ என்று எழுதினேன், குதிக்கச் சொல்வது போல் இருந்தது. ‘கம்பு கடத்தல்’ என்று மாற்றினால் போலீஸ் வரும். கடைசியில் ‘கம்பிடை நடை’. வெயிலுக்கு நானே ஒரு வரி சேர்த்தேன்: தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும், அஞ்சடி (கடைவரிசை முன்னுள்ள கூரையிட்ட நடைபாதை) நிழலில் நடத்துங்கள். மொசைக் தரையில் பாய் விரிக்கவும் சொல்லியிருக்கிறேன்.

நேற்று அந்த அக்காவிடம் தலைப்பைப் படித்துக் காட்டினேன். ‘ஓ, தேத்துறதா? அப்படின்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே’ என்றார்.

பாயான் லெப்பாஸ் – வெள்ளி, காலை 10.40

என் வாக்கு பிசியோவுக்கே. பதிவில் இருக்கட்டும்.

பிறை – திங்கள், காலை 6.05

அன்புடையீர்,

அச்சான படி கிடைத்தது. மகிழ்ச்சி. ஆனால் அட்டையில் ‘தேறுப்பயிற்சி’ என்று இருக்கிறது. நாம் அனுப்பியதில் அந்தப் ‘ப்’ இல்லை, அச்சகத்தில் யாரோ திருத்தியிருக்கிறார்கள். தேறுபயிற்சி வினைத்தொகை, வலி மிகாது. ஊறுகாயை ஊறுக்காய் என்று எழுதுவோமா? எத்தனை படி அச்சடித்தீர்கள் என்று தெரிவித்தால், வெள்ளை மை வாங்கிக்கொண்டு சனிக்கிழமை படகேறி வருகிறேன்.