நான்கடிப் பலகையில் துறைமுக மாதிரி ரயில்: தனுஷ்கோடி அடங்குமா?

மாடித்தடம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுப் புத்தக அலமாரியின் மேல் நான்கு அடி நீளமும் ஓர் அடி அகலமும் உள்ள இடம் எனக்குக் கிடைத்திருக்கிறது. அதில் மீட்டர் பாதைக் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம்) காலத்துத் துறைமுகம் ஒன்றை 1:87 அளவில், அதாவது உண்மை அளவில் 87-இல் ஒரு பங்காக, கட்ட விரும்புகிறேன். சிறு வயது முதலே தனுஷ்கோடியின் மீது எனக்குத் தீராத பற்று உண்டு. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு போட் மெயில் (சென்னையிலிருந்து கப்பல் பயணிகளை ஏற்றிவந்த ரயில்) துறைமுக மேடை வரைக்கும் வந்து நிற்க, பயணிகள் இறங்கித் தலைமன்னார் செல்லும் கப்பலில் ஏறினார்களே, அந்தக் காட்சியை 1964 டிசம்பர் புயலுக்கு முன்பு இருந்தபடி அமைக்க வேண்டும் என்பதே என் ஆசை. ரயில் வட்டமாகச் சுற்றி ஓட வேண்டியதில்லை; பெட்டிகளைப் பிரித்தும் கோத்தும் ஷண்டிங் செய்ய வேண்டும், பார்ப்பதற்கும் துறைமுகமாகத் தெரிய வேண்டும்.

இந்த இடத்தில் இது அடங்குமா, எந்தத் தடத்தை வாங்குவது, கடல்நீரை எதைக் கொண்டு செய்வது என்று அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன். எங்கள் வீடு சென்னையில் கடற்கரைக்கு அருகில் இருப்பதால், ஈரக்காற்று தண்டவாளத்தையும் பலகையையும் என்ன செய்யும் என்ற கவலையும் இருக்கிறது.

மீட்டர்பாதை

வணக்கம். நீங்கள் சொல்லும் இடத்தில் தனுஷ்கோடி அடங்காது. அதற்குக் காரணம் தண்டவாளம் அன்று, கப்பல். 75 மீட்டர் நீளமுள்ள ஒரு நீராவிக் கப்பலை 1:87-இல் செய்தால் அது 86 செ.மீ. வரும்; உங்கள் பலகையோ 122 செ.மீ. தான். பயணிகள் பெட்டி ஒன்று ஏறத்தாழ 23 செ.மீ. வரும் என்பதால், ஐந்து பெட்டிகளும் ஓர் எஞ்சினும் சேர்ந்தாலே ரயில் பலகையை விட நீண்டுவிடும். கப்பலின் முன்பகுதியை மட்டும் காட்டிவிட்டு மீதியைப் பலகையின் விளிம்போடு வெட்டிவிடுபவர்களும் உண்டு. ஆனால் ஓர் அடி அகலப் பலகையில் அந்த வெட்டுதான் முதலில் கண்ணில் படும்.

ஆகவே பெரிய கப்பல் கரைக்கு வரவே முடியாத துறைமுகம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. அதற்குப் பழைய தூத்துக்குடியை விடப் பொருத்தமான ஊர் இல்லை. 1974-இல் புதிய ஆழ்கடல் துறைமுகம் வரும் வரை, கரையோரம் ஆழம் போதாமையால், பெரிய கப்பல்கள் பல கிலோமீட்டர் தள்ளி நங்கூரமிட்டு நிற்க, சரக்கையெல்லாம் தோணிகளே ஏற்றி இறக்கின. உங்களுக்குப் போட் மெயில்தான் முக்கியம் என்றால் அதற்கும் இங்கே உறவு உண்டு. பாம்பன் பாலம் வருவதற்கு முன்பு கொழும்புப் பயணிகள் தூத்துக்குடி வழியாகத்தான் கப்பலேறினார்கள். வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும் இந்தத் தூத்துக்குடி, கொழும்பு வழித்தடத்துக்காகவே. 20 மீட்டர் தோணி ஒன்று 1:87-இல் 23 செ.மீ. தான் வரும். மேடையை ஒட்டி இரண்டு தோணிகளைக் கட்டிவைத்தாலும் கடல் தெரிவதற்கு இடம் மிஞ்சும், கண்ணுக்குப் புலப்படாத கப்பல் தொலைவில் நிற்கிறது என்பதை யாரும் ஐயுறவும் மாட்டார்கள்.

தட அமைப்புக்கு, ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் வகுத்த இங்கிள்நூக் முறையைப் பரிந்துரைக்கிறேன். மூன்று சைடிங்குகள் (வேகன்களை நிறுத்தும் கிளைத் தடங்கள்), இரண்டே பாயிண்டுகள் (தடம் இரண்டாகப் பிரியும் இடங்கள்). நீண்ட சைடிங்கில் ஐந்து வேகன்களும் மற்ற இரண்டில் மும்மூன்று வேகன்களும் நிற்கலாம்; எஞ்சின் முன்னும் பின்னும் போகும் தடத்தில் எஞ்சினோடு மூன்று வேகன்கள் அடங்க வேண்டும். மொத்தம் எட்டு வேகன்களை நிறுத்திவிட்டு, சீட்டுக் குலுக்கி ஐந்தைத் தேர்ந்து, குலுக்கலில் வந்த வரிசையிலேயே ரயிலைக் கோக்க வேண்டும். எட்டிலிருந்து ஐந்தை வரிசை மாறாமல் எடுக்க 6,720 வழிகள் இருப்பதால் விளையாட்டு எளிதில் அலுக்காது.

இப்போது அளவைப் பாருங்கள். மீட்டர் பாதையை 1:87-ஆல் வகுத்தால் 11.5 மி.மீ. வருவதால் 12 மி.மீ. தடம் சரியாகப் பொருந்தும். அதற்கென்றே எச்0எம் என்ற பெயரில் தடம் விற்கிறார்கள் என்றாலும், உங்களுக்கு 1:120 அளவிலான டிடி தடம் போதும். அதன் அகலமும் அதே 12 மி.மீ. தான். அதன் ஸ்லீப்பர்கள் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகள்) 1:87-க்குச் சிறியவையாகவும் நெருக்கமாகவும் இருக்கும் என்பது மட்டுமே குறை. துறைமுகத்தில் தண்டவாளம் தரைக்குள் பதிந்திருப்பதால் ஸ்லீப்பரே வெளியே தெரியாது. டிடி தடத்தின் சிறிய பாயிண்ட் சுமார் 13 செ.மீ. நீளமே இருக்கும். வேகன் ஒன்றுக்கு 8 செ.மீ., எஞ்சினுக்கு 11 செ.மீ. என்று கொண்டால் எஞ்சின் தடத்துக்கு 35, இரண்டு பாயிண்டுகளுக்கு 26, நீண்ட சைடிங்குக்கு 40 என்று கூட்டி 101 செ.மீ. ஆகிறது. மீதி 21 செ.மீ. பாயிண்டைத் தாண்டி வேகன்கள் உரசாமல் நிற்பதற்கும் இரு முனைத் தடுப்புகளுக்கும் தாராளமாக உதவும்.

பாம்பன்கரை

மேலே சொன்ன கணக்கை மறுக்கவில்லை. இருப்பினும் தனுஷ்கோடியை அடியோடு விட்டுவிட வேண்டியதில்லை என்று சொல்ல விரும்புகிறேன். 1:160 அளவுக்கு இறங்கினால் அதே கப்பல் 47 செ.மீ. ஆகிவிடும், பயணிகள் பெட்டி 12.5 செ.மீ. ஆகிவிடும், இசட் எனப்படும் மிகச் சிறிய மாதிரி ரயில் வகையின் 6.5 மி.மீ. தடம் மீட்டர் பாதைக்கு ஏறக்குறையச் சரியாகவே அமையும். அப்போது கப்பலும் ரயிலும் மணல்திட்டும் நான்கடிக்குள் அழகாக அமர்ந்துகொள்ளும். ஆனால் அத்தனை சிறிய எஞ்சினைக் கொண்டு மெதுவாக ஷண்டிங் செய்வது மிகவும் கடினம், இலேசான தூசு பட்டாலும் நின்றுவிடும். பார்த்து மகிழ்வது முதன்மை என்றால் தனுஷ்கோடி, இயக்கி மகிழ்வது முதன்மை என்றால் தூத்துக்குடி என்று நீங்களே தீர்மானிக்கலாம்.

ஒட்டுப்பலகை

கட்டுமானம் பற்றி மட்டும் எழுதுகிறேன். கடலோர வீடு என்றால் எம்.டி.எஃப். (மரத்தூள் நாரை அழுத்திச் செய்த) பலகையைத் தொடவே வேண்டாம். நீர் புகாத தர ப்ளைவுட்டை 12 மி.மீ. கனத்தில் வாங்கி, வெட்டிய விளிம்புகள் உட்பட எல்லாப் பக்கங்களிலும் வார்னிஷ் பூசிவிடுங்கள். தண்டவாளம் நிக்கல் சில்வராகவே இருக்கட்டும், ஏனெனில் இரும்புத் தடம் நம் காற்றில் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது.

தடத்தைத் தரையில் பதிக்கும் வேலைக்குத்தான் பொறுமை வேண்டும். முதலில் மின் இணைப்புகளை முடித்து, பாயிண்டுகளின் நடுவிலுள்ள உலோக முனைக்கும் மின்சாரம் போவதை உறுதி செய்து, வெறும் தடத்திலேயே எஞ்சினைச் சில நாட்கள் ஓட்டிப் பாருங்கள், ஏனென்றால் தரை போட்ட பிறகு எதையும் பிரிக்க முடியாது. பிறகு தண்டவாளங்களுக்கு நடுவே மெல்லிய அட்டையை ஒட்டி, அதன்மேல் சுவர்ப் பட்டியைக் குழைத்துப் பூசுங்கள். உள்பக்கத்தில் சக்கர விளிம்பு ஓடுவதற்கு 1.5 முதல் 2 மி.மீ. வரை இடைவெளி விட வேண்டும். பட்டி காய்வதற்கு முன்பே ஒரு பழைய வேகனைக் கையால் தள்ளிப் பார்த்தால் எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும். பூச்சின் மேற்பரப்பு தண்டவாளத் தலையை விட அரை மி.மீ. தாழ்ந்திருக்கட்டும். சமமாகப் பூசிவிட்டால், தண்டவாளத்தைத் துடைக்கும்போதெல்லாம் பட்டி தேய்ந்து, அந்தப் பொடி சக்கரத்தில் ஏறி மின்னோட்டத்தைத் தடுக்கும். பாயிண்டின் அசையும் நாக்குகளுக்கு அருகில் மட்டும் பட்டி வேண்டாம், அளவாக வெட்டிய அட்டையே போதும்.

துறைமுகச் சுவரைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி. பிரிட்டன் மாதிரி லேஅவுட்டுகளைப் பார்த்து உயரமான சுவரும் அடியில் சேறும் ஏணியுமாக அமைத்துவிடாதீர்கள். அங்கே பிரிஸ்டல் கால்வாய் போன்ற இடங்களில் ஓதம் (கடல்மட்டத்தின் ஏற்றவற்றம்) பத்து மீட்டருக்கும் மேல் ஏறி இறங்குகிறது. மன்னார் வளைகுடாவிலோ அது ஒரு மீட்டர்கூட இல்லை. ஆகவே நீர்மட்டத்துக்கு மேல் 2 அல்லது 2.5 செ.மீ. சுவர் போதும், அதில் பாசி படிந்த கரும்பச்சைப் பட்டை ஒரு செ.மீ.க்கும் குறைவாகவே இருக்க வேண்டும்.

கடலுக்கு ரெசின் ஊற்றுவதை நான் ஆதரிப்பதில்லை. அது சுவரோரத்தில் ஏறிக்கொள்கிறது, சிறு விரிசல் இருந்தாலும் ஒழுகுகிறது, நாளடைவில் மஞ்சளாகிறது. சமமான பலகையின் மேல் மெல்லிய டிஷ்யூ தாளை நீர் கலந்த ஃபெவிகாலால் ஒட்டி, ஈரமாக இருக்கும்போதே தூரிகையின் நுனியால் தட்டித் தட்டிச் சிற்றலைகளை எழுப்புங்கள். காய்ந்ததும் கரையோரம் மணல் கலந்த இளம்பச்சையும் வெளியே செல்லச் செல்ல நீலப்பச்சையும் ஒன்றோடொன்று கரையும்படி பூசி, மேலே பளபளப்பான வார்னிஷை மூன்று நான்கு முறை பூசினால் போதும். ஆழம் நிறத்தினால்தான் வருகிறது.

மாடித்தடம்

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. ஷண்டிங்கையே நான் விரும்புவதால் தூத்துக்குடி என்று முடிவு செய்துவிட்டேன். கடலை முன்புறமும் கிட்டங்கிகளைப் பின்புறமும் வைக்க எண்ணுகிறேன். இரண்டு ஐயங்கள் மிச்சம். மீட்டர் பாதை எஞ்சினுக்கு எங்கே போவது? மேடையில் உப்பைக் குவித்துக் காட்ட உண்மையான உப்பையே பயன்படுத்தலாமா?

மீட்டர்பாதை

உண்மையான உப்பு வேண்டவே வேண்டாம். அது காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிந்து, தண்டவாளத்தையும் மின்கம்பியையும் அரித்துவிடும். வெள்ளைக் கல்லை அரைத்துச் செய்த கோலமாவைக் குவித்து, துளித்துளியாக நீர்த்த ஃபெவிகாலை விட்டு இறுக்குங்கள். அரிசிமாவுக் கோலப்பொடியை வாங்கிவிடாதீர்கள், எறும்பு வந்துவிடும். குவியலை விட மூட்டைகளே மேடைக்கு இயல்பானவை என்பது என் எண்ணம். காற்றில் உலரும் களிமண்ணில் ஒரு செ.மீ. நீளத்துக்கு மூட்டைகளை உருட்டி, நனைந்திருக்கும்போதே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விரலால் இலேசாக அழுத்தினால், கனத்தினால் தொய்ந்த மூட்டை போலவே அமையும். பஞ்சுப் பொதிகளையும் ஓரிடத்தில் வையுங்கள், அந்த ஊரின் ஆலைத்தொழிலுக்கு அது பொருந்தும்.

நம் மீட்டர் பாதை எஞ்சின்கள் கடையில் ஆயத்தமாகக் கிடைப்பது அரிது. டிடி வகையில் முன் பின் சக்கரங்களுக்கு இடையே நீளம் குறைந்த எஞ்சின் ஒன்றை வாங்கி, அதன் மேல் 1:87-இல் அச்சிட்ட உடலைப் பொருத்துவது ஒரு வழி. ஜப்பானியர்கள் தங்கள் 1067 மி.மீ. பாதையை 1:87-இல் 12 மி.மீ. தடத்தின் மீதே செய்கிறார்கள் என்பதால், அவர்களுடைய சிறிய டேங்க் எஞ்சினை (தண்ணீர்த் தொட்டியைத் தன்மீதே சுமக்கும் நீராவி எஞ்சின்) வாங்கி மாற்றுவது இன்னொரு வழி. விலை கூடுதல், ஓட்டம் மிக மென்மையாக இருக்கும். எதுவாயினும் மின்சாரத்தைச் சற்றே தேக்கிவைக்கும் கெபாசிட்டர் ஒன்றை உள்ளே வைத்துவிடுங்கள். கோக்கும் கொக்கிகளுக்குக் காடி நிறுவன வகை காந்தக் கொக்கி சிறந்தது, காந்தத்தைப் பட்டிக்கு அடியில் புதைத்துவிடலாம். ஆனால் இரும்பு அச்சு உள்ள வேகன்களைக் காந்தம் தானாகவே இழுக்கும் என்பதால் பித்தளை அச்சுக்கு மாற்றிவிடுவது நல்லது.

எழுத்துகளை ஒட்டுவதற்கு முன்பு ஆண்டை முடிவு செய்துகொள்ளுங்கள். 1951 ஏப்ரலில் தெற்கு ரயில்வே உருவானது. அதற்கு முந்தைய காலம் என்றால் வேகன்களில் தென்னிந்திய ரயில்வேயின் எழுத்துகள்தான் இருக்க வேண்டும். அதன் பிறகு என்றால் இரண்டையும் கலந்து நிறுத்தலாம்.