ஆய்வை விட்டுச் செங்கோட்டைக்குத் திரும்புகிறேன், உதவி வேண்டும்

குழுவில் உள்ள அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம். திருவனந்தபுரத்தில் தாவரவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வந்தேன். அதை விட்டுவிட்டு ஊருக்கே வருவதென்று முடிவெடுத்துவிட்டேன். "இன்னும் கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இரு" என்ற அறிவுரை மட்டும் வேண்டாம். அதற்கு அப்பா இருக்கிறார்.

முன்பு சில இடங்களில் ஆய்வை இடையில் விட்டாலும் எம்.ஃபில் (முனைவர் பட்டத்துக்கு முந்தைய ஆய்வுப் பட்டம்) ஆவது மிஞ்சும். 2022 விதிமுறைகளில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அதையும் நிறுத்திவிட்டது. நல்லவேளையாக நெட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) தேர்ச்சி இருக்கிறது. 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயமில்லை. தென்காசிப் பக்கத்துத் தனியார் கல்லூரிகளில் கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு? விளம்பரத்தில் போடுவதைக் கேட்கவில்லை.

அவசரமானது வேறு. பதிவை ரத்து செய்ய நெறியாளர் கையெழுத்திட வேண்டும்; அவரோ "பார்க்கலாம்" என்கிறார். நூலகம், விடுதி, ஆய்வகம் எல்லாவற்றிலும் நிலுவை இல்லை என்று சான்று வாங்கினால்தான் மூலச் சான்றிதழ்கள் தருவார்களாம். கேரளத்தில் இப்படி இடையில் விலகியவர்கள் யாராவது இருந்தால், உதவித்தொகையைத் திருப்பிக் கேட்டார்களா என்று சொல்லுங்கள்.

பாவூர்சத்திரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குக் காய்கறி ஏற்றி வந்து காலியாகத் திரும்பும் வண்டி யாருக்காவது தெரியுமா? புத்தக மூட்டைகளும், செய்தித்தாளுக்கு நடுவே அழுத்திக் காயவைத்த செடிக் கட்டுகளும் வர வேண்டும். வழியில் ஆரியங்காவு மலைப்பாதையில் சாரல் அடித்தால் செடிகள் பூஞ்சை பிடித்துவிடும்; ஆகவே ஓட்டை இல்லாத தார்ப்பாய் உள்ள வண்டியாக இருக்கட்டும். வாடகையைப் பேசிக்கொள்ளலாம்.