புதுப்பிப்பு: சுண்டெலி டி செல்கள் விழித்துக்கொண்டன

போன வாரம் கேட்டிருந்தேன்: சுண்டெலி மண்ணீரலிலிருந்து பிரித்த டி செல்களுக்கு (நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள்), அவற்றின் ஏற்பியிலுள்ள சிடி3 புரதத்தைப் பிடித்துத் தூண்டும் 145-2சி11 என்ற ஆன்டிபாடி கொடுத்தும், செல் விழித்ததைக் காட்டும் சிடி69 என்ற புரதம் ஏறவில்லையே, ஏன் என்று.

ஆன்டிபாடி கெட்டுப்போகவில்லை. அதை மீடியத்தில் (செல்கள் வளரும் திரவத்தில்) கரைத்து விட்டதுதான் தவறு. பல ஏற்பிகளைச் சேர்த்துப் பிடித்தால்தான் செல்லுக்குச் சேதி போகும். ஆன்டிபாடியின் வால்பகுதியைப் பற்றி அப்படிப் பிடித்துத் தரும் எஃப்சி ஏற்பி கொண்ட செல்களையெல்லாம், டி செல்களைப் பிரிக்கும்போது நானே நீக்கிவிட்டிருந்தேன்! தருமபுரி வீட்டில், புளி தட்டிக்கொண்டிருந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஓர் அக்காவின் பதிலைப் படித்தபோதுதான் புரிந்தது.

லேபுக்குத் திரும்பியதும் ஆன்டிபாடியை பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் கலந்து, 4 டிகிரியில் இரவு முழுக்கத் தட்டில் பூசினேன். பூசுவதற்குச் சீரம் (ரத்தத்தின் புரதத் திரவம்) கலந்த மீடியம் வேண்டாம், ஆன்டிபாடிக்குப் பதில் அதன் புரதமே பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். செல்களைப் போட்ட மறுநாள் சிடி69 தெளிவாக ஏறியிருந்தது.

முதல் எலி வீணானதுதான் இன்னும் மனதை அறுக்கிறது. நன்றி அக்கா.